வழுவழுப்பைக் கரைக்கும் நொதிகள்

ஆசிரியருக்கு,

நுண்ணுயிர்ப் படலத்தை, அதாவது ஈரமான பரப்பில் பாக்டீரியா கூட்டமாக ஒட்டி உண்டாக்கும் வழுவழுப்பை, நொதிகளால் (என்சைம்) கரைப்பது பற்றிய கட்டுரை படித்தேன். லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்த தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பிளீச்சிங் பவுடர் போட்டாலும் சில நாளில் மறுபடி வழுக்கும். சர்க்கரை, புரதம், டிஎன்ஏ கலந்த பசைக்குள் பாக்டீரியா பதுங்கிவிடுகிறது. குளோரின் மேலோடு நின்றுவிடுகிறது.

அந்தப் பசையை வெட்டும் கத்திரியும் பாக்டீரியாவிடமே இருக்கிறது. கடற்பாசியின் மேல் வாழும் பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் நியூக்பி என்ற நொதி, படலத்தின் டிஎன்ஏ இழைகளை நறுக்குகிறது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தது இது. நம் வாயில் வாழும் ஒரு பாக்டீரியாவின் டிஸ்பெர்சின் பி என்ற நொதி, பசையின் சர்க்கரைப் பிணைப்பை உடைக்கும். சரி, ஆனால் இவை கிருமியைக் கொல்வதில்லை, கலைத்துவிடும், அவ்வளவுதான். அப்புறம் குளோரினோ ஆன்டிபயாடிக்கோ வேண்டும். கட்டுரை இதைச் சொல்லாமல் விட்டது குறைதான்.

காசிமேட்டுப் படகுகளின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டுமுன் படிவதும் இதே படலம். அவை ஒட்டாமலிருக்க அடிக்கும் விஷ பெயின்டுக்கு மாற்றாக நொதி உதவுமா என்று நம் ஆய்வாளர்கள் பார்க்கலாமே. டிரம்முக்கு இப்போதைக்கு பிரஷ்தான்: நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர் போடுங்கள்.

- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை