பொருளை ஒரு நாள் தாமதமாகத் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் நாள்தோறும் பத்து ஆங்கிலச் சொற்கள் தமிழ்ப் பொருளுடன் வெளிவருகின்றன. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி அவற்றைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி மனப்பாடம் செய்கிறாள். இந்தச் சனிக்கிழமை கேட்டால் ஒப்பிக்கிறாள், அடுத்த சனிக்கிழமை கேட்டால் விழிக்கிறாள். வடார்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்து, அது பிரிந்து பிரிந்து சுருங்கிய பிறகு ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தப் பத்தில் பாதியைக் குறைத்து அவ்விடத்தில் நான்கு வரிக் கவிதை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். அவளுடைய நோட்டில் ‘ஃபிரெட்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘கவலைப்படு’ என்று இருந்தது. 1855இல் வெளிவந்த, ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் ‘தி புரூக்’ (ஓடை) கவிதையில், ஓடையே தன் கதையைச் சொல்லிக்கொண்டு வரும்போது, வளைந்து வளைந்து ஓடித் தன் கரைகளை ‘ஃபிரெட்’ செய்வதாகக் கூறுகிறது. “ஓடை எதற்குத் தாத்தா கரையைப் பார்த்துக் கவலைப்படுது?” என்று கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, எட்ட நின்று அவள் பார்த்தது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். மணலாகவே பார்த்துப் பழகிய ஆற்றில் அன்று செந்நீர் புரண்டது. கரைமண் பாளம் பாளமாகச் சரிந்தது. சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அரிக்குதா?” என்றாள். அதன் பிறகுதான், அரித்துத் தின்னுதல் என்பதே அச்சொல்லின் பழைய பொருள் என்றும், கவலை மனத்தை அரிக்கிறது என்று நாமும் சொல்வதில்லையா என்றும் விளக்கினேன். ‘கவலைப்படு’ என்பதற்குப் பக்கத்தில் பென்சிலால் ‘அரி’ என்று எழுதிக்கொண்டாள். மாதங்கள் சில ஆகியும் அந்தச் சொல்லை அவள் மறக்கவில்லை.

கவிதையில் வரும் சொல்லெல்லாம் அன்றாடப் புழக்கத்துக்கு உதவும் என்று நான் வாதாடவில்லை. அதே கவிதையில் சிற்றூரைக் குறிக்கும் ‘தார்ப்’ என்ற சொல் வருகிறது. அதைத் தாலுகா அலுவலக மனுவில் எழுதினால் படிப்பவர் திகைத்துப்போவார். நாரையைக் குறிக்கும் ‘ஹெர்ன்’ என்பதும் வழக்கொழிந்ததுதான். ஆனால் இரண்டு வரி தள்ளி அதற்கு இயைபாக ‘ஃபெர்ன்’ என்ற செடியின் பெயர் வருவதால், ஒன்றை மறந்தாலும் மற்றொன்று அதை இழுத்து வந்துவிடும். திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டு என்னும் பழைய சொற்பொருள் நூலைப் பாட்டாகவே உருப்போட வைத்ததும் இதனால்தான். நிகண்டும் பட்டியல்தானே என்று கேட்கலாம்; எதுகையும் மோனையும் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும் பட்டியல் அது.

பாடநூல்கள் செய்யும் ஒரு தவறைத் தாங்களும் செய்துவிடக் கூடாது. கவிதையை ஒட்டியே அருஞ்சொற்பொருளை அச்சிட்டுவிடுவதால், மாணவரின் கண் வரியை விட்டு நேரே அங்கே போய்விடுகிறது. அந்த இடத்தில் எந்தப் பொருள் பொருந்தும் என்று ஊகித்துப் பார்க்கும் வேலையே இல்லாமல் போகிறது. ஆகவே கவிதையை இன்றும் சொற்பொருளை நாளையும் வெளியிடுங்கள். ஊகம் தவறினாலும் குற்றமில்லை, தவறாக ஊகித்துத் திருத்திக்கொண்ட சொல்தான் அதிகம் நிலைக்கிறது என்பது வகுப்பறையில் நான் கண்டது.

என் பேத்தி இப்போது அக்கவிதையின் இரண்டாம் வரியில் ‘சாலி’ என்ற சொல்லில் நிற்கிறாள். யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்று முதலில் நினைத்தாளாம். ‘திடீரென்று’ என்ற சொல் முன்னால் வருவதால் அப்படி இருக்காது என்று நேற்று அவளே சொன்னாள். பொருளை நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்