ஹூஸ்டன் குயில்ட் விழாவுக்கு அரை நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையில் ஹூஸ்டன் சர்வதேச குயில்ட் விழாவுக்கு நான்கு வரி கொடுத்திருந்தீர்கள். நன்றி. அதில் இரண்டு திருத்தம் தேவைப்படுகிறது. படத்தின் கீழே ‘கம்பளிப் போர்வைக் கண்காட்சி’ என்று அச்சாகியிருக்கிறது. குயில்ட் கம்பளி அல்ல, பெரும்பாலும் பருத்தி. மேலே துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்த ஒட்டுத்துணி, நடுவே பஞ்சுப் படலம், அடியில் பின்துணி. இந்த மூன்று அடுக்கையும் ஊடுருவிப் பிடித்துக்கொண்டு ஓடும் தையலுக்குத்தான் குயில்ட்டிங் என்று பெயர். இரண்டாவது, ‘அரை நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம்’ என்ற வரி. அரை நாளில் அங்கே துணியும் தையல் சாமானும் விற்கும் கடைகளைச் சுற்றலாம். குயில்ட்டுகளைப் பார்க்க முடியாது. அந்த வரியை நம்பி டிக்கெட் எடுக்கிறவர்கள் இருப்பார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

1974இல் கேரி பிரெசன்ஹான் என்ற கடைக்காரப் பெண்மணி, வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்லும் விதமாக நடத்திய சின்னக் கண்காட்சியிலிருந்து வளர்ந்தது இந்த விழா. இப்போது ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில், இலையுதிர் காலத்தில், வியாழன் முதல் ஞாயிறு வரை நடக்கிறது. தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும் என்பதால் அதை உறுதி செய்துகொண்டு விமானச் சீட்டு எடுப்பது நல்லது. இதற்குச் சற்று முன்னால் அதே கட்டடத்தில் நடக்கும் குயில்ட் மார்க்கெட் வியாபாரிகளுக்கு மட்டுமானது. பெயர்க் குழப்பத்தில் அந்தத் தேதிக்குப் போனால் உள்ளே விடமாட்டார்கள்.

பத்தாயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் நெரிசலுக்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமல்ல. கடைத்தெருக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், இந்தக் கூட்டம் நிற்கும். பரிசு பெற்ற குயில்ட்டுக்கு ஓர் அடி தூரத்தில் நாலு பேர் மூக்கை வைத்துத் தையலை எண்ணிக்கொண்டிருந்தால், பின்னால் நிற்கும் முப்பது பேருக்குக் குயில்ட் தொங்கும் கறுப்புத் திரையும் முதுகும்தான் தெரியும். காலை 10 மணிக்குக் கதவு திறந்ததும் பெருங்கூட்டம் கடைப் பக்கம் ஓடும், நல்ல துணி தீர்ந்துவிடும் என்ற பயத்தில். அந்த முதல் ஒன்றரை மணி நேரம் குயில்ட் வரிசைகள் ஏறக்குறைய காலியாகக் கிடக்கும். அப்போது உள்ளே போய், வாசலுக்கு அருகில் இருப்பதை விட்டுவிட்டு, கடைசி வரிசையிலிருந்து முன்னோக்கிப் பார்த்து வர வேண்டும். பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடலாம். பன்னிரண்டுக்குப் போனால் வரிசையிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். கடைகளை மதியத்துக்கு வைத்துக்கொண்டு, மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் பரிசுக் குயில்ட்டுகளை இன்னொரு முறை பார்த்துவிடலாம். சனிக்கிழமை உள்ளூர்க் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். துணி வாங்க வியாழன் நல்ல நாள். நிதானமாகப் பார்க்க ஞாயிறு காலை நல்லது. ஆனால் ஞாயிறு சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

குயில்ட்டை எப்படிப் பார்ப்பது? முதலில் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று முழு வடிவம். பிறகு இரண்டடி தூரத்தில் கைவேலை. தொடவே கூடாது. விரலில் இருக்கும் எண்ணெயும் வியர்வையும் அப்போது தெரியாது, சில வருடம் கழித்துப் பழுப்புக் கறையாக எழும். ஆயிரம் பேர் ஒரே இடத்தைத் தடவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கம் பார்க்க ஆசைப்பட்டால், வெள்ளைக் கையுறை போட்ட தொண்டர்கள் வரிசைக்கு வரிசை நிற்பார்கள். கேட்டால் ஓரத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். பலர் கூச்சப்பட்டுக் கேட்பதே இல்லை. பாதி வித்தை பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

நடுவர்கள் பார்ப்பதையே நீங்களும் பாருங்கள். ஓரப்பட்டியின் மூலை 45 டிகிரியில் மடிந்து, மடிப்பு தைத்து மூடியிருக்கிறதா? பட்டிக்குள் பஞ்சு கடைசி வரை நிறைந்திருக்கிறதா, அல்லது ஓரம் காலியாகத் தொய்கிறதா? முக்கோணங்களின் கூர்முனை தையலுக்குள் போய் மொட்டையாகிவிட்டதா? நேராகத் தொங்க வேண்டிய ஓரம் அலை அலையாக இருந்தால், பெரும்பாலும் கிராஸாக (மூலைவாட்டில்) வெட்டிய துண்டுகள் ஓரத்தில் இழுபட்டிருக்கும், அல்லது பார்டரின் நீளத்தைக் குயில்ட்டின் நடுவில் அளந்து வெட்டாமல், ஓரத்தில் வைத்தபடியே தைத்திருப்பார்கள். கைத்தையல் என்றால் மேல்பக்கத்தில் மட்டும் எண்ண வேண்டும். அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் இருந்தால் நல்ல கை. எண்ணிக்கையைவிட முக்கியம் தையலும் இடைவெளியும் ஒரே நீளமாக இருப்பது. இயந்திரத் தையலில் வளைவுகளின் பின்பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். கண் இமை முடிபோல நூல் வளையங்கள் துருத்தியிருந்தால் மேல்நூல் இறுக்கம் போதவில்லை, அல்லது வளைவில் கையை வேகமாக இழுத்துவிட்டார்கள் என்று பொருள்.

பழைய குயில்ட்டுகள் தொங்கும் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குயில்ட் சிலவற்றில் பழுப்பு நிறத் துண்டுகள் மட்டும் உதிர்ந்து, உள்ளே இருக்கும் பஞ்சு தெரியும். பக்கத்திலேயே சிவப்பும் நீலமும் புதுசுபோல இருக்கும். எலி கடித்ததல்ல. அந்தப் பழுப்புக்கும் கறுப்புக்கும் சாயம் பிடிக்க இரும்பு உப்பு சேர்த்தார்கள், அது காலப்போக்கில் பருத்தி இழையைத் தின்றுவிட்டது. அதற்கும் முந்தைய வகை ஒன்று உண்டு. சீட்டித் துணியிலிருந்து பூவையும் பறவையையும் கத்தரித்து வெள்ளைத் துணியில் ஒட்டித் தைத்தது. அந்தச் சீட்டிக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோகத்தைக் கிளப்பியதில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ் வாசகருக்கு எழுதும் கட்டுரையில் இதற்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

படம் எடுக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். போட்டிக் குயில்ட்டுகளைச் சொந்த உபயோகத்துக்கு எடுக்கப் பொதுவாக அனுமதி உண்டு. கடைகளில் தொங்குபவற்றை எடுக்கப் பல வியாபாரிகள் விடமாட்டார்கள், அவை விற்பனைக்கான டிசைன்கள். முதலில் பெயர் அட்டையை எடுத்துவிட்டு அப்புறம் குயில்ட்டை எடுங்கள். இல்லாவிட்டால் ஊருக்கு வந்து எது யாருடையது என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும்.

இனி கடை. இங்கேதான் பணம் வீணாகிறது, அதுவும் கணக்குத் தப்பி. 60க்கு 80 அங்குலக் குயில்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வேண்டும், ஆக 68க்கு 88. துணிச் சுருளில் 44 அங்குல அகலம் என்று எழுதியிருந்தாலும் இரு கரையையும் வெட்டி எறிந்தால் 42தான் மிஞ்சும், சில துணியில் 40தான். 88 அங்குல நீளத்தில் இரண்டு பாகம் எடுத்து நடுவில் ஒட்டினால் 176 அங்குலம், அதாவது ஏறக்குறைய 5 கஜம். ‘குறுக்கே போட்டால் 4 கஜத்தில் முடியுமே’ என்று கடைக்கு முன்னால் நின்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு அகலம் சேர்ந்தாலும் 84 அங்குலம்தான் வரும், தேவை 88. ஒட்டே வேண்டாம் என்றால் 108 அங்குல அகலத்தில் பின்துணிக்கென்றே விற்கிறார்கள். அதன் அகலத்தில் 88 அடங்கிவிடும், நீளம் 68தான் வேண்டும், ஆக இரண்டேகால் கஜம் போதும். கடையில் வெட்டும் முனை கோணலாகத்தான் இருக்கும், அந்தக் கால் கஜம் அதற்காக.

ஓரப்பட்டிக்கு அரை கஜம் என்று வாய்ப்பாடுபோலச் சொல்வார்கள். மேற்படி குயில்ட்டின் சுற்றளவு 280 அங்குலம். மூலை மடிக்கவும் முனை சேர்க்கவும் இன்னும் 10 வேண்டும். இரண்டரை அங்குலப் பட்டையாக வெட்டினால் அரை கஜத்தில், அதாவது 18 அங்குலத்தில், 7 பட்டைதான் விழும். ஒரு பட்டை 40 அங்குலம் என்றால் சரியாக 280. கடைசி மூலைக்கு வரும்போது பத்து அங்குலம் குறையும். 5/8 கஜம் கேளுங்கள்.

ஃபேட் குவார்ட்டர் என்று மடித்து ரிப்பன் கட்டி அடுக்கியிருப்பது கால் கஜம்தான். ஆனால் 18க்கு 22 அங்குலமாக வெட்டியது. சாதாரணக் கால் கஜம் 9க்கு 44. பரப்பு ஒன்றுதான், ஆனால் 10 அங்குலச் சதுரம் ஒன்று வேண்டுமென்றால் இரண்டாவதில் வெட்டவே முடியாது. ஜெல்லி ரோல் என்பது இரண்டரை அங்குலப் பட்டைகள் சுமார் 40 சேர்ந்த சுருள். மொத்தம் கூட்டினால் 2¾ கஜம் வரும், விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் ஓரம் ரம்பப் பல் போல வெட்டியிருக்கும். பல்லின் நுனியிலிருந்தா, பள்ளத்திலிருந்தா இரண்டரை அங்குலம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அளக்காமல் தைத்தால் கால் அங்குலத் தையல் இடம் ஒவ்வொரு பட்டையிலும் கொஞ்சம் தப்பி, பத்தாவது பட்டையில் அரை அங்குலம் காணாமல் போயிருக்கும். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ இங்கே செல்லாது. இந்த வெட்டுத் துண்டுகளைத் தைக்கும் முன் நனைக்கவே கூடாது. சுருங்கும், ஓரம் நூல் நூலாகப் பிரியும். கஜக் கணக்கில் வாங்கிய அடர்சிவப்பையும் கருநீலத்தையும் மட்டும் மூலையில் ஈரவெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் விட்டால் அலசிக்கொள்ளலாம்.

கிட் (ஒரு குயில்ட்டுக்கான துணியைச் சேர்த்துக் கட்டி விற்கும் பொட்டலம்) வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலான கிட்டில் மேல்பக்கத் துணி மட்டும்தான் இருக்கும். சிலவற்றில் ஓரப்பட்டி சேரும். பஞ்சும் பின்துணியும் உங்கள் பாடு. விலை அட்டையில் இருக்கும் தொகையோடு 8.25 சதவீத விற்பனை வரி சேரும். மண்டபத்துக்குள் போன் சிக்னல் திணறி கார்டு மெஷின் நின்றுபோவது சகஜம், சில்லறை நோட்டாக நாற்பது ஐம்பது டாலர் கையில் இருக்கட்டும்.

தையல் இயந்திரத்தைத் தள்ளுபடியில் பார்த்து மயங்காதீர்கள். அங்கே மின்சாரம் 110-120 வோல்ட், நமக்கு 230. பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் வோல்ட்டேஜை மாற்றாது. ஊரில் செருகிய மறு நொடி உள்ளே இருக்கும் போர்டு போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் இந்தியாவில் வாரன்ட்டி கேட்க முடியாது. லாங்ஆர்ம் என்ற, சட்டத்தில் பூட்டிய பெரிய குயில்ட்டிங் இயந்திரத்தின் விலை கேட்கும் முன் வீட்டு அறையை அளந்துகொண்டு போக வேண்டும். 12 அடிச் சட்டம் என்றால் சுற்றி நடக்க 15 அடியாவது வேண்டும். அதற்குப் பதில் பிரஷர் ஃபுட் (ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்), அளவுகோல், நல்ல ஊசி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல் என்று சின்னச் சாமான்கள் வாங்கினால் பணத்துக்கு மதிப்பு. ஃபுட் வாங்கும்போது உங்கள் மெஷினின் மாடல் எண்ணைச் சொல்லுங்கள். ‘எல்லா மெஷினுக்கும் பொருந்தும்’ என்பதற்கு ஃபுட்டைத் திருகும் தண்டின் (ஷாங்க்) உயரம் சம்மதிக்க வேண்டும், குட்டைத் தண்டுக்கான லோ ஷாங்க் ஃபுட் ஹை ஷாங்க் மெஷினில் துணியை எட்டாமல் மேலேயே நிற்கும்.

மூட்டை கட்டும்போது இன்னொரு கணக்கு: குயில்ட் பருத்தி ஒரு கஜம் ஏறக்குறைய 145 கிராம். ஏழு கஜத்துக்கு ஒரு கிலோ. 23 கிலோ பெட்டியில் துணிக்கு எவ்வளவு இடம் என்று அங்கிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டு வாங்குங்கள். துணி வெட்டும் வட்ட பிளேடு கொண்ட ரோட்டரி கட்டர், அதன் மாற்று பிளேடு எல்லாம் செக்-இன் பெட்டிக்குள் போக வேண்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும்.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பளத்துக்குக் கீழே கான்கிரீட், பழகிய ஷூ போடுங்கள். வெளியே வியர்க்கும், உள்ளே ஏசி நடுக்கும், ஒரு துப்பட்டாவாவது வேண்டும். இழுத்துச் செல்லும் சக்கரப்பை வேண்டாம். அது உங்கள் கண்ணுக்குப் படாத உயரத்தில் அடுத்தவர் காலைத் தட்டும். ரயிலில் வந்தால் பச்சை, ஊதா இரண்டு தடமும் கன்வென்ஷன் டிஸ்ட்ரிக்ட் நிலையத்தில் நிற்கும். எதிரே டிஸ்கவரி கிரீன் பூங்கா, கால் நீட்டிச் சாப்பிட நல்ல இடம்.

வேறு மாதத்தில் ஹூஸ்டனுக்குப் போகிறவர்களுக்கு: சுமார் 100 மைல் மேற்கே லா கிரேஞ்ச் என்ற சிற்றூரில் டெக்சஸ் குயில்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. மேலே சொன்ன கேரி பிரெசன்ஹானும் அவருடைய உறவுக்காரர் நான்சி ஓ'பிரையன்ட் புவென்டஸும் 2011இல் தொடங்கியது. கூட்டமே இருக்காது, ஒரு குயில்ட் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்ததற்குச் சுவரை மாற்றும் இடைவெளியில் மூடியிருப்பார்கள், அதை மட்டும் விசாரித்துக்கொண்டு காரை எடுங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுத்தையல் வேலை செய்யும் வாசகர்கள் சிலர்,
ஹூஸ்டன்.