முப்பது மூட்டை அரிசிக்கும் ஒரு தோளுக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

நாங்கள் கட்டும் கிளைடரின், அதாவது எஞ்சின் இல்லாத விமானத்தின், வலது இறக்கை பாரச் சோதனையில் தாங்கிவிட்டது. போயா, அந்தப் பௌர்ணமி விடுமுறை, முடிந்து இரண்டு நாளாகியும் தூக்கம் சரியாக வரவில்லை, அதனால் எழுத்து அங்குமிங்குமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்கு முன் செய்த முதல் இறக்கை சோதனையில் உடைந்தது, அதற்கப்புறம் யார் யார் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பக் கிளற மனமில்லை.

பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தள்ளும். தரையில் அதைச் சோதிக்க, இறக்கையைக் கவிழ்த்து மாட்டி அடிப்பக்கத்தின் மேல் பாரம் ஏற்றுவார்கள். ஐரோப்பிய விதிப்படி எங்கள் வகை கிளைடர் தன் எடையைப் போல் 5.3 மடங்கு பாரம் தாங்க வேண்டும். அதையும் ஒன்றரை மடங்காக்கினால் 3 செக்கன் உடையாமல் நிற்க வேண்டும். எங்களுடையது நுனிக்கு நுனி 13.5 மீட்டர் இறக்கை வகுப்பு, ஒரே ஆசனம். இறக்கையின் சொந்த எடையைக் கழித்துப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 750 கிலோ வந்தது.

மணல் மூட்டைதான் வழக்கம். ஆனால் கொழும்பு மழையில் நனைந்த மணல் எவ்வளவு நிறுக்கும் என்று யார் கணக்குச் சொல்வது? புறக்கோட்டை 4ஆம் குறுக்குத் தெருவில் ஒரு முதலாளி 25 கிலோ அரிசி மூட்டை முப்பதை அப்படியே தந்தார். முற்பணமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. "கிழியாமக் கொண்டாங்க" என்றார், அவ்வளவுதான். கூடவே தன் கடையில் மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவரையும் அனுப்பினார். அறுபது வயது தாண்டிய ஐயா.

அவரைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். மூட்டை தொப்பென்று விழுந்தால் கணக்கில் இல்லாத அதிர்ச்சி இறக்கையில் இறங்கும். இதை எப்படி விளக்குவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முதல் மூட்டையை இறக்கிவிட்டார். முழங்காலை மடித்து, தோளைச் சாய்த்து, கடைசி நாலு விரல் உயரத்தைக் கையால் தாங்கி. சத்தமே இல்லை. ஒன்றுக்குப் பதில் "லாபம்" என்று எண்ணினார். அப்புறம் ரெண்டு, மூணு. உடல் பக்கம் அதிகம், நுனிக்குப் போகப் போகக் குறைவு என்று ஒரு தடவைதான் சொன்னோம்.

இருபத்திரண்டாவது மூட்டைக்கு முன் 'டிக்' என்று ஒரு சத்தம். நாங்கள் எல்லோரும் பின்னால் பாய்ந்தோம். முதல் இறக்கையும் அப்படித்தான் தொடங்கியது. ஐயா நகரவில்லை. மூட்டை தோளில். "இறக்கவா, நிக்கவா?" என்று மட்டும் கேட்டார். நில்லுங்கள் என்றோம். டோர்ச் அடித்து ஸ்பார் (இறக்கையின் முதுகெலும்பு), ஒட்டு, ஸ்டாண்ட் எல்லாம் பார்த்து முடிக்க ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். ஸ்டாண்டுக்கு அடியில் வைத்த பலகை அமர்ந்த சத்தம்தான் அது. அத்தனை நேரமும் 25 கிலோவைத் தூக்கியபடி நின்றார். பக்கத்தில் வைக்கச் சொல்ல எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

முப்பதும் ஏறியபோது நுனி இரண்டு முழம் இறங்கியிருந்தது. எங்கள் ஸ்டொப் வோட்ச் ஓட, அவரும் வாய்க்குள் "லாபம், ரெண்டு, மூணு" என்றார். இறக்கை நின்றது.

பிளேன்டீ குடிக்கும்போது கேட்டார்: "இதுல எத்தன பேர் போகலாம்?"

"ஒருத்தர்தான் ஐயா."

"இவ்வளவும் ஒருத்தருக்கா?"

கூலி வாங்கவில்லை. போயா அன்றைக்கு வேண்டாமாம்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. இறக்கை மேல் டியூப் லைட் பிடித்து, அதன் பிம்பம் நெளியும் இடமெல்லாம் அலை இருக்கிறது என்று காட்டி, நீளக் கட்டையில் சேண்ட்பேப்பர் சுற்றித் தேய்க்கக் கற்றுத்தந்த, வாகனத் தகரத்தில் நெளிவெடுக்கும் பஞ்சிகாவத்தை டிங்கர் பாஸ். காற்று ஒழுங்காக வழுக்கிப் போக அந்த அலைகள் போக வேண்டும்; புத்தகத்தில் படித்ததை அவர் கண்ணால் காட்டினார். ஸ்டாண்ட் செய்த மொரட்டுவைத் தச்சர், ஷெட்டைத் தந்தவர், இரவுச் சோறு அனுப்பிய வெள்ளவத்தை அம்மாக்கள், எல்லோருக்கும் நன்றி. முதல் கண்ணாடி இழைக் கிளைடரான ஃபீனிக்ஸ் 1957இல் ஸ்டுட்கார்ட் மாணவர் குழுவிலிருந்து வந்தது என்று அடிக்கடி பெருமையாகச் சொல்வேன். அங்கேயும் யாராவது மூட்டை தூக்கியிருப்பார்கள் என்று இதுவரை யோசித்ததில்லை.

ஒரு மூட்டையின் தையல் மட்டும் விட்டுப்போனது. முதலாளி காசு வேண்டாம் என்றுவிட்டார். அந்த அரிசியை நாங்கள்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி இடது இறக்கை. ஐயா, இன்னொரு போயாவுக்கு உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கும். இந்த முறை பக்கத்தில் ஒரு மேசை போட்டு வைப்போம்.