குடியரசுத் தலைவர் மாளிகை என்றால் அறைக் கணக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் குடியரசுத் தலைவர் மாளிகை பற்றிய கட்டுரையைப் படித்தேன். 340 அறைகள், 330 ஏக்கர், கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வரைந்த குவிமாடம், பூந்தோட்டம் என்று எல்லாம் இருந்தது, ராஜாஜி பெயர் மட்டும் ஓரிடத்தில்கூட இல்லை. தமிழ்ப் பத்திரிகையிலேயே இது விட்டுப்போனால் வேறு யார் எழுதுவார்கள்?

வைஸ்ராய்க்காகக் கட்டி 1929-ல் முடித்த வீடு அது. 1948 ஜூனில் மவுண்ட்பேட்டன் கிளம்பியதும் கவர்னர் ஜெனரலாக உள்ளே போன முதல் இந்தியர் ராஜாஜி. வைஸ்ராய் இருந்த பெரிய அறைகளில் தங்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. விருந்தினர் பகுதியில் சின்ன அறைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தப் பக்கத்திலேயே குடியிருக்க, வைஸ்ராயின் அறைகள் வெளிநாட்டுத் தலைவர்கள் வந்தால் தங்கும் இடமாகிவிட்டன. அப்புறம், நாட்டில் கடும் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது அந்த வளாகத்து நிலத்தை அவரே ஏர் பிடித்து உழுது ஒரு பகுதியைத் தானியத்துக்கு விட்டார்.

சரி, அதைக்கூட விடுங்கள். கட்டுரை கடைசியில் 'அலங்காரப் பதவிக்கு அலங்கார வீடு' என்று முடிகிறதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1975 ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடுவதற்கு முன்பே நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டில் இருந்த பக்ருதீன் அலி அகமது. மறுநாள் காலையில்தான் அமைச்சர்களுக்கே விஷயம் தெரிந்தது. அவர் 'காலையில் பார்க்கலாம்' என்று சொல்லியிருந்தால்? அதே வீட்டில் ஜெயில் சிங், மக்களின் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு வழிவிட்ட 1986 அஞ்சல் மசோதாவில் கையெழுத்தும் போடாமல், திருப்பியும் அனுப்பாமல் அப்படியே வைத்துக்கொண்டார், அது சட்டமாகவே ஆகவில்லை. எம்.பி.க்கள் தங்கள் இடத்தை இழக்காமல் வேறு சில அரசுப் பதவிகளையும் வகிக்க வழிவிட்ட ஆதாயப் பதவி மசோதாவை 2006-ல் கலாம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பியதும் ஒப்புதல் கொடுத்தார், அதற்கு மேல் மறுக்க அரசியல் சட்டத்தில் இடமில்லை. தூக்குத் தண்டனைக் கைதியின் கருணை மனு கடைசியாகப் போய்ச் சேருவதும் அங்கேதான், அந்த மேஜையை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

பள்ளிப் பிள்ளைகள் கத்தரித்து ஒட்டி வைக்கும் பக்கம் உங்கள் ஞாயிறு இணைப்பு. அடுத்த வாரம் ஒரு அரைப் பக்கம் ஒதுக்கி, அரசியல் சட்டத்தின் 111-வது பிரிவு என்ன சொல்கிறது, ஒரு மசோதா அந்த மாளிகைக்குள் போனால் என்னவெல்லாம் நடக்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள். ராஜாஜி தங்கிய அறையின் படம் கிடைத்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.