செசமி ஸ்ட்ரீட்டில் பொம்மைகளோடு மனிதர்களும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரான செசமி ஸ்ட்ரீட்டின் 56ஆவது சீசன் 2025 நவம்பர் 10 அன்று நெட்ஃபிளிக்ஸில் தொடங்கியதையும், புதிய எபிசோட்களைப் பற்றி அதன் நெடுநாள் ரசிகர்களிடையே நடந்துவரும் விவாதத்தையும் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஒரு பொம்மை நிகழ்ச்சிக்காக இவ்வளவு மல்லுக்கு நிற்பதற்குச் சிறுவயது நினைவுகளின் மேலுள்ள ஏக்கமே காரணம் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். நியூ ஜெர்சியில் மழலையர் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரிபவள் என்ற முறையிலும், என் இரண்டு பிள்ளைகளையும் இந்த நிகழ்ச்சியைப் பார்க்க வைத்தே வளர்த்தவள் என்ற முறையிலும், அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ரசிகர்கள் பேசுவது பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் அவர்களில் பலர் அதன் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதே என் ஆதங்கம்.

இப்போது நடக்கும் விவாதம் பெரும்பாலும் நிமிடக் கணக்கைச் சுற்றியே வருகிறது. தொடக்கத்தில் ஒரு மணி நேரம் ஓடிய எபிசோட் 2016 முதல் அரை மணி நேரமாகச் சுருங்கியது. இந்தப் புதிய சீசனில் ஒவ்வோர் எபிசோடும் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும் ஒரே கதையை நடுவில் வைத்து அமைக்கப்பட்டிருக்கிறது. அதனுடன் எல்மோ என்ற பொம்மையின் பகுதியும், குக்கி மான்ஸ்டர் என்ற பொம்மையின் உணவு வண்டிப் பகுதியும், கார்ட்டூன் வடிவில் ஒரு புதிய பகுதியும் வருகின்றன. துண்டு துண்டாகப் பல காட்சிகள் மாறி மாறி வந்த பழைய அமைப்பே நல்லது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஒரே கதையைத் தொடர்ந்து பார்ப்பதுதான் இன்றைய குழந்தைகளுக்குப் பழக்கம் என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தைகளோடு அன்றாடம் பழகுகிறவள் என்பதால் சொல்கிறேன், 11 நிமிடம் நீளும் ஒரு கதையைக் குழந்தைகள் நன்றாகவே உட்கார்ந்து கேட்பார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த 11 நிமிடத்தில் தெருவில் யார் யார் இருக்கிறார்கள், ஒரு குழந்தையோ குழந்தை போன்ற ஒரு பொம்மையோ கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்ல வயது வந்த மனிதர் ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

இப்படி நான் சொல்வதற்கான காரணம் இந்த நிகழ்ச்சி பிறந்த விதத்திலேயே இருக்கிறது. ஜோன் கான்ஸ் கூனியும் லாயிட் மோரிசெட்டும் இதைத் திட்டமிட்டபோது, ஏழை வீட்டுக் குழந்தைகள் பள்ளியில் சேரும் முன்பே பின்தங்கிவிடக் கூடாது என்பதே நோக்கமாக இருந்தது. அரசும் கார்னகி, ஃபோர்டு அறக்கட்டளைகளும் சேர்ந்து கொடுத்த சுமார் 80 லட்சம் டாலரில் வேலை தொடங்கியது. ஜிம் ஹென்சனின் பொம்மைகளைச் சேர்த்துக்கொண்டாலும், கற்பனையையும் நிஜத்தையும் கலந்தால் சிறு குழந்தைகள் குழம்பிப் போவார்கள் என்று வல்லுநர்கள் அறிவுறுத்தியதால், தெருவில் மனிதர்கள் மட்டும், பொம்மைகள் தனிக் காட்சிகளில் மட்டும் என்று பிரித்து வைத்திருந்தார்கள். 1969 ஜூலையில் இந்தச் சோதனை எபிசோட்களை ஃபிலடெல்ஃபியாவில் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்மர் வகுத்திருந்த சோதனை முறை எளிமையானது: தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சில நொடிகளுக்கு ஒருமுறை படம் மாறும் ஒரு ஸ்லைடு திரையை வைத்துவிட்டு, குழந்தையின் கண் எப்போது அந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பொம்மைகள் வந்தபோது அசையாமல் பார்த்த குழந்தைகள், தெருவில் மனிதர்கள் மட்டும் பேசிய காட்சிகள் வந்ததும் கவனத்தை வேறு பக்கம் திருப்பினார்கள்.

அதன் பிறகு தயாரிப்பாளர்கள் எடுத்த முடிவுதான் இந்தத் தொடரின் உயிர் என்பேன். மனிதர் வரும் காட்சிகளைக் குறைத்துவிட்டுப் பொம்மைக் காட்சிகளை நீட்டுவது அவர்களுக்கு எளிதாகவே இருந்திருக்கும். அதைச் செய்யாமல், வல்லுநர் ஆலோசனையை ஒதுக்கிவைத்துவிட்டு, பொம்மைகளைத் தெருவுக்கே குடிவைத்தார்கள். எட்டடிக்கு மேல் உயரமும் குழந்தை மனமும் கொண்ட பிக் பேர்ட் என்ற மஞ்சள் பறவையும், குப்பைத் தொட்டிக்குள் வாழும் சிடுமூஞ்சி ஆஸ்கரும் அந்தத் தெருவில் மனிதர்களுக்கு அண்டை வீட்டாராக இருப்பதற்கென்றே உருவானவர்கள். 1969 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பு தொடங்கியபோது, கடைக்காரர் ஹூப்பர், ஆசிரியர் கோர்டன், அவர் மனைவி சூசன், இசை ஆசிரியர் பாப் ஆகியோரும் பொம்மைகளும் ஒரே வாசற்படியில் உட்கார்ந்து பேசினார்கள்.

பிக் பேர்ட்டின் உடைக்குள் இருந்த கரோல் ஸ்பின்னி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பறவையின் தலையையும் வாயையும் அசைத்தபடி, வெளியே நடப்பதை மார்பில் கட்டிய சிறிய திரையில் பார்த்தபடியே நடித்தவர். இடது இறக்கையை இடது கையால் அசைக்க, தூண்டில் நரம்பால் இணைக்கப்பட்ட வலது இறக்கை தானாக அசையும். மற்றப் பொம்மைகளை இயக்குபவர்களோ கேமராவுக்குக் கீழே குனிந்தோ படுத்தோ கையை உயர்த்தி இயக்குகிறார்கள். படப்பிடிப்புக்கு வரும் குழந்தைகள் கீழே இருக்கும் மனிதரைக் கண்ணால் பார்த்த பிறகும் பொம்மையின் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள் என்று அந்தக் கலைஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் பெரியவரும் பொம்மையை உயிருள்ள ஆளாக மதித்துப் பேசுவது குழந்தைகளின் அந்த நம்பிக்கைக்குப் பெரிய துணை. மனித நடிகர்களின் வேலை இது. கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதாலேயே ரசிகர்கள் கூட அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ரசிகர்கள் இன்றும் முதலில் நினைவுகூரும் எபிசோடையே எடுத்துக்கொள்ளலாம். ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம். கடைக்காரர் ஊரை விட்டுப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். தயாரிப்பாளர்கள் இரண்டையும் செய்யாமல், ஹூப்பர் இறந்துவிட்டார் என்பதையே குழந்தைகளுக்குச் சொல்வதென்று முடிவு செய்து, குழந்தை உளவியல் அறிந்தவர்களைக் கலந்தாலோசித்துக் கதையை எழுதினார்கள். அது 1983 நவம்பர் 24 அன்று, பெற்றோர் வீட்டில் இருக்கும் நன்றி நவிலல் நாளில் ஒளிபரப்பானது. தான் வரைந்த படங்களை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு, ஹூப்பருக்கு வரைந்ததை அவர் திரும்பி வந்ததும் கொடுப்பதாகப் பிக் பேர்ட் சொல்ல, அவர் இனி வரமாட்டார் என்று சுற்றியிருக்கும் பெரியவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். பிக் பேர்ட் கோபப்படுகிறது, ஏன் இப்படி நடக்க வேண்டும் என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பெரியவர்களிடமும் பதில் இல்லை. தொண்டை அடைக்க, இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். என் வகுப்பில் ஒரு குழந்தையின் தாத்தா காலமானபோது, அந்தக் குழந்தையோடு எப்படிப் பேசுவது என்பதற்கு எந்தப் பயிற்சி நூலையும் விட அந்தக் காட்சியே எனக்கு வழிகாட்டியது. பிக் பேர்ட்டும் எல்மோவும் மட்டும் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும் ஒரு கதையில் இதைச் செய்திருக்கவே முடியாது.

இன்னொரு நிகழ்வையும் கட்டுரையாளர் அறிந்திருக்க வேண்டும். ஸ்னஃபி என்ற யானை போன்ற பெரிய பொம்மையைப் பிக் பேர்ட் மட்டுமே பார்க்கும். பெரியவர்கள் வருவதற்குள் அது போய்விடும். பிக் பேர்ட் சொல்வதை அவர்கள் நம்பமாட்டார்கள். பல ஆண்டுகள் ஓடிய வேடிக்கை இது. 1980களில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை குறித்த செய்திகள் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கியபோது, உண்மையைச் சொன்னாலும் பெரியவர்கள் நம்பமாட்டார்கள் என்ற எண்ணத்தை நம் நிகழ்ச்சியே குழந்தைகள் மனத்தில் விதைத்துவிடுமோ என்று தயாரிப்பாளர்கள் அஞ்சினார்கள். 1985 நவம்பரில் ஸ்னஃபியைப் பெரியவர்கள் நேருக்கு நேர் பார்க்கும்படி கதையை மாற்றினார்கள். சிறந்த நகைச்சுவை ஒன்று போய்விட்டதே என்று இன்றும் குறைப்படும் ரசிகர்கள் உண்டு. எனக்கோ அந்த மாற்றம் இந்தத் தொடரின் பெருமைக்குரிய நாள்களில் ஒன்று. பெரியவர்கள் குழந்தையை நம்புகிறார்களா என்பதற்கு அந்தத் தெருவில் அவ்வளவு கனம் இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் ரசிகர்களின் கோபங்களில் எது நியாயமானது என்று பார்க்க வேண்டும். 1971இலிருந்து மரியாவாக நடித்த சோனியா மன்சானோ 2015இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு, பாப் மெக்ராத், லூயிஸாக நடித்த எமிலியோ டெல்காடோ, கோர்டனாகப் பின்னாளில் நடித்த ராஸ்கோ ஆர்மன் ஆகிய மூவரும் இனிமேல் தொடரில் தொடர்ந்து இடம்பெற மாட்டார்கள் என்று தெரியவந்தபோது எழுந்த எதிர்ப்பு தயாரிப்பு நிறுவனத்தையே விளக்கம் சொல்ல வைத்தது. பாப் முதல் எபிசோடிலிருந்தே இருந்தவர். மற்ற இருவரும் 1970களில் வந்தவர்கள். அந்த எதிர்ப்பைப் பழமையின் மீதுள்ள பற்று என்று சொல்லிக் கடந்துபோவது நேர்மையாகாது. ஒரு தெருவில் வயதானவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உறவு இருக்கிறது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டி வந்ததும், அது ஒரே வீச்சில் மெலிந்துபோனதும் கவலைக்குரிய விஷயங்கள். ஹூப்பரின் கடையை 1998 முதல் நடத்திவரும் ஆலனாக நடிக்கும் ஆலன் முராவோகா போன்றவர்கள் அந்த மரபை இழுத்துப் பிடித்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கதையில் வேலை கொடுக்கப்படுகிறதா, இல்லை கடைக்கு வெளியே கையசைத்துவிட்டுப் போவதோடு சரியா என்று ரசிகர்கள் ஒவ்வோர் எபிசோடிலும் கவனித்துச் சொல்ல வேண்டும். கார்ட்டூன் பகுதியைப் பற்றிய என் தயக்கமும் இதுவே. எத்தனை அழகாக வரைந்தாலும், பொம்மையின் தோளில் கைபோடும் நிஜ மனிதர் ஒருவரை அதில் வைக்க முடியாது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மாற்றங்களுக்கெல்லாம் தயாரிப்பாளர்களின் மனப்போக்கே காரணம் என்று சில ரசிகர்கள் எண்ணுகிறார்கள். முதல் சீசனில் 130 எபிசோட்கள் வந்தன. 2015இல் ஹெச்பிஓ என்ற கட்டணத் தொலைக்காட்சியோடு ஒப்பந்தம் ஏற்பட்டபோது, ஆண்டுக்கு 18 ஆகக் குறைந்திருந்த எண்ணிக்கை 35 ஆக உயரும் என்று அறிவித்தார்கள். அதற்குக் கொடுத்த விலை கசப்பானது: புதிய எபிசோட்கள் கட்டணம் செலுத்துவோர் வீடுகளுக்கு முதலில் போய், இலவசமாகக் கிடைக்கும் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸுக்கு ஒன்பது மாதம் கழித்தே வந்தன. ஏழைக் குழந்தைகளுக்கென்று தொடங்கிய நிகழ்ச்சிக்கு நேர்ந்த அந்த நிலை இப்போது மாறியிருக்கிறது. நெட்ஃபிளிக்ஸில் வரும் அதே நாளில் அமெரிக்காவில் பிபிஎஸ்ஸிலும் புதிய எபிசோட்கள் வருகின்றன. எபிசோடின் நீளத்தைப் பற்றிக் குறைப்படுகிறவர்கள் இந்த ஒன்றையாவது மனமாரப் பாராட்ட வேண்டும். அதே வேளையில், 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலி, ஒளிபரப்புக்கான 110 கோடி டாலர் நிதியைத் திரும்பப் பெற்றதால், இந்த நிகழ்ச்சியைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசேர்க்கும் உள்ளூர் நிலையங்கள் நெருக்கடியில் இருக்கின்றன. ரசிகர்களின் குரல் ஓங்கி ஒலிக்க வேண்டிய இடம் அது.

இந்திய வாசகர்களுக்கும் இதில் அக்கறை இருக்க இடமுண்டு. 2006இல் ‘கலி கலி சிம் சிம்’ என்ற இந்திய வடிவம் இந்தியில் தொடங்கியபோது, அமெரிக்கத் தெருவை அப்படியே பெயர்த்து வைக்காமல், நம் நாட்டுச் சந்து ஒன்றை உருவாக்கி, பள்ளிச் சீருடை அணிந்த சம்கி என்ற சிறுமிப் பொம்மையையும் அங்கே குடியிருக்கும் பெரியவர்களையும் அதில் சேர்த்தார்கள். இப்படி உருவான பல நாட்டு வடிவங்களில் அந்தந்த ஊரின் மனிதர்கள் பொம்மைகளோடு சேர்ந்தே வந்தார்கள். புதிய எபிசோட்கள் இப்போது நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகெங்கும் ஒரே வடிவில் போய்ச் சேர்வதால், அந்த ஒரு தெருவில் யார் இருக்கிறார்கள் என்பது முன்னைவிட முக்கியமாகிறது.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குழந்தைகள் நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதும்போது, பார்வையாளர் எண்ணிக்கையையும் ஒப்பந்தத் தொகையையும் மட்டும் தருவதோடு நிறுத்தாமல், திரைப்பட விமர்சனத்துக்குக் கொடுக்கும் அதே இடத்தையும் உழைப்பையும் கொடுத்து, எபிசோட்களை முழுமையாகப் பார்த்து எழுதச் செய்யுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கும் பெற்றோர் ஒருவரையும், குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரையும் அந்த விமர்சனத்தை எழுத அழைத்தால் இன்னும் நன்று. 56ஆவது சீசனிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர்,
எடிசன், நியூ ஜெர்சி.