நியமனக் கடிதத்தில் கையொப்பமிட்டவர் யார்?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

நீ இப்போதெல்லாம் இங்கே விளக்கு வைக்கும் நேரத்தில் அழைப்பதால் அம்மாவுக்கு மிகுந்த சந்தோசம். அவ்வேளை அங்கே காலை ஒன்பது மணி என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ வேலை பார்க்கும் விளையாட்டு அணியைப் பற்றி மட்டும் பேச்செடுப்பதில்லை என்பதால், ரொறன்ரோவில் இதற்கு முன்னர் தோன்றி மறைந்த தொழில்முறை அணிகளைப் பற்றி நானே தேடி வாசித்தேன்.

வெபர் மைதானத்தில் கூடைப்பந்து பழகிய உனக்கு ஹஸ்கீஸ் அணியைத் தெரிந்திருக்கும். வட அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. தனது முதல் ஆட்டமாகக் கொள்ளும் போட்டி 1946 நவம்பர் 1 அன்று உன் நகரத்தில்தான் நடந்தது. நியூயோர்க் அணியிடம் ஹஸ்கீஸ் 66க்கு 68 என்று தோற்றது. தங்கள் அணியின் ஆறடி எட்டங்குல வீரரைவிட உயரமானவர்களுக்கு அனுமதி இலவசம் என்றுகூட விளம்பரம் செய்து பார்த்தார்கள். அறுபது ஆட்டங்களில் 22 வெற்றிகளுடன் ஒரே பருவகாலத்தில் கழகம் மூடப்பட்டது. அதன் பின்னர் அந்நகரத்துக்கென்று ஓர் என்.பி.ஏ. அணி 1995இல்தான் வந்தது.

தோற்றபடியால் மூடினார்கள் என்று எண்ணிவிடாதே. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நாங்கள் பெலேயுடன் ஒப்பிட்டுச் சண்டை பிடித்த யூசேபியோ விளையாடிய மெட்ரோஸ்-குரோவேஷியா, 1976இல் வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கின் கிண்ணத்தையே வென்றது. பிறகு அணியின் பெயரும் மாறி, 1984 பருவகாலத்துக்குப் பின் அந்த லீக்கே கலைந்துபோனது. நோர்த்மென் என்றோர் அமெரிக்கன் ஃபுட்போல் அணியோ 1974இல் மயாமியின் மூன்று பெரிய வீரர்களை ஒப்பந்தம் செய்துவிட்டு, கனடா அரசாங்கத்தின் எதிர்ப்பால் ஓர் ஆட்டம்கூட அங்கே ஆடாமல் மெம்பிசுக்குப் போய்விட்டது. அதை நம்பி வேலைக்குச் சேர்ந்த எழுதுவினைஞர்களைப் பற்றி எவரும் எழுதி வைக்கவில்லை.

என் மனதை விட்டு அகலாதது வுல்ஃப்பேக் கழகத்தின் கதைதான். அத்திலாந்திக்கைக் கடந்து இங்கிலாந்தின் றக்பி லீக்கில் ஆடுவதற்காக 2017இல் மூன்றாம் பிரிவில் தொடங்கி, மூன்றே வருடங்களில் மேலேறி, 2020இல் முதற்பிரிவான சூப்பர் லீக்கில் நுழைந்து, நியூசிலாந்தின் நட்சத்திர வீரர் சொனி பில் வில்லியம்ஸைப் பெருந்தொகைக்கு எடுத்த அணி அது. கொரோனாவுடன் உரிமையாளரின் பணம் வற்றியது. வீரர்களுக்குச் சம்பளம் நின்றது. ஜூலையில் கழகம் விலகிக்கொள்ள, அந்த வருடம் ஆடிய ஆட்டங்களின் முடிவுகளும் நீக்கப்பட்டன. மைதானத்தில் சனம் நிறைந்திருந்தாலும், ஒரே மனிதரின் பையிலிருந்து நடக்கும் கழகம் அந்தப் பை வற்றும் வரைக்கும்தான். ஆகவே, உன் நியமனக் கடிதத்தை எடுத்து, கையொப்பமிட்டவர் உரிமையாளரா, லீக்கா என்று பார்.

ரொறன்ரோ சிக்ஸ் என்ற பெண்கள் ஹொக்கி அணி 2023 மார்ச்சில் சம்பியனானது. அந்தக் கோடை முடிவதற்குள் லீக் விற்கப்பட்டு மூடப்பட்டது, வீராங்கனைகளின் ஒப்பந்தங்கள் செல்லாமற் போயின. கிண்ணம் வென்றவர்களுக்கே அந்தக் கதியென்றால், அனுமதிச்சீட்டுக் கணக்குப் பார்க்கிறவனுக்கு அதில் என்ன வெட்கம் இருக்கிறது?

அணியின் இணையப் பக்கத்தில் உன் பெயரைக் கண்ட அன்று அதை அச்செடுத்துப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வங்கி வேலையை விட்டுவிட்டு இதில் ஏன் சேர்ந்தாய் என்று அவர் கேட்டதற்கு நான் உனக்காகத்தான் வாதாடினேன், ஆனால் அதே கேள்வி எனக்கும் இருந்தது. நீயோ எங்களிடம் கேட்கவில்லை, சேர்ந்த பிறகுதான் சொன்னாய். கடிதத்தைப் பார், மகன். நிலுவை ஏதும் இருந்தால் எழுத்தில் கேட்டு வாங்கு. தொலைபேசியில் தரும் வாக்குறுதியை நம்பி இன்னொரு மாதம் இருக்காதே.

கூரை வேலையை மாரிக்குப் பிறகு செய்துகொள்ளலாம் என்று மேசனிடம் சொல்லிவிட்டேன், ஆதலால் இந்த மாதமும் அடுத்த மாதமும் பணம் அனுப்ப வேண்டாம். அடுத்த முறை அழைக்கும்போது, கையொப்பமிட்டவர் யார் என்பதையும் கடைசியாகச் சம்பளம் வந்த திகதியையும் சொல். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். போனை என்னிடம் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா