சரக்கு டிரெய்லரைக் கேம்பராக மாற்றுவோருக்குத் தெளிவான அனுமதி முறை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூடிய சரக்கு டிரெய்லர் ஒன்றை வாங்கி, அதற்குள் படுக்கையும் சிறிய சமையல் மேடையும் சோலார் மின்சாரமும் பொருத்தி, தங்கிப் பயணிக்கும் கேம்பராக மாற்றி, காரின் பின்னால் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு பயணம் போக விரும்புவோர் சென்னையில் அதிகரித்து வருகிறார்கள். அம்பத்தூரில் வாகனங்களுக்குப் பாடி கட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்த ஆசையை நான் மனதார வரவேற்கிறேன். வடபழனி, சாலிகிராமம் பக்கம் நிற்கும் படப்பிடிப்புக் கேரவன்களைப் பார்த்துப் பழகிய ஊர் இது. ஆனால் அப்படியொரு வண்டியைச் சொந்தமாகக் கட்டிக்கொள்ள நடுத்தரக் குடும்பத்தால் முடியாது. டிரெய்லருக்கு எஞ்சின் செலவு இல்லை. ஊர் திரும்பியதும் கழற்றி நிறுத்திவிட்டுக் காரை வழக்கம்போல ஓட்டலாம். அமெரிக்காவில் 6 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட சரக்கு டிரெய்லர்களை வாங்கி வீட்டு வாசலில் வைத்தே இப்படி மாற்றிக்கொள்கிறார்கள். நம் ஊரிலும் அதைச் செய்யக்கூடிய கைத்திறன் தாராளமாக இருக்கிறது. இல்லாதது, எதைச் செய்யலாம், யாரிடம் காட்டி ஒப்புதல் பெறலாம் என்ற தெளிவுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை உரிமையாளர் மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதே நேரத்தில், 2004 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப்பாட்டில் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனும் டிரெய்லரும் போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. ஆக, வகை இருக்கிறது; சரக்கு டிரெய்லராகப் பதிவான ஒன்றை அந்த வகைக்குக் கொண்டுபோகும் வழியைக் கேட்டால், ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு பதிலும் இன்னொன்றில் வேறொரு பதிலும் கிடைக்கின்றன. கேட்டுச் சலித்தவர்கள் ஆர்.சி.யில் எதையும் மாற்றாமல், உள்ளே மட்டும் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். விபத்து என்று வந்தால் இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அது ஒன்றே போதும்.

சட்டச் சிக்கலைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது எடை. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் படங்களில் அலமாரியும் மெத்தையும் இருக்கும், எடைக்கணக்கு இருக்காது. எட்டுக்கு நான்கு அடி அளவுள்ள 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றே 30 கிலோவுக்கு மேல் வரும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. அந்தத் தொட்டியை இடம் இருக்கிறதே என்று ஆக்சிலுக்கு (சக்கர அச்சுக்கு) பின்னால், கதவோரமாக வைத்துவிட்டால், முன்பக்கக் கொக்கியின் மேல் விழவேண்டிய பாரம் குறைந்து, வேகம் கூடும்போது டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். பின்னால் தொடங்கும் அந்த ஆட்டம் காரையும் இழுத்துச் சாய்த்துவிடக்கூடியது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது டிரெய்லர் வேலையில் பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. 1,000 கிலோ டிரெய்லர் என்றால் 100 முதல் 150 கிலோ. எங்கள் பக்கத்து எடைமேடையில், தண்ணீரும் சாமான்களும் நிரப்பிய டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றி முதலில் முழுதாக ஏற்றி நிறுத்தி, பிறகு கொக்கியருகே அதைத் தாங்கும் முன்கால் மட்டும் மேடையில் இருக்க, சக்கரங்கள் வெளியே தரையில் நிற்கும்படி நகர்த்தினால் இரண்டு எண்களும் கிடைத்துவிடும். செலவு மிகச் சிறியது. ஆனாலும் இதைச் செய்துவிட்டுக் கிளம்புவோர் மிகக் குறைவு என்பது வேதனை தருகிறது.

அடுத்தது, உள்ளே தூங்குபவர்கள் மூச்சுவிடும் காற்று. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடே அவர்களைக் கொன்றது என்று ஆய்வில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஒயர் இழுப்பதற்காகத் தரையில் போட்டுவிட்டு அடைக்காமல் விடும் ஓட்டை ஒன்று போதும், அது உள்ளே வர. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்ததையும் நாம் மறந்துவிடக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே தரைமட்டத்திலேயே காற்றுப்போக்கி வேண்டும், உள்ளிருந்து திறக்கும்படி இரண்டாவது வழியும் வேண்டும். சரக்கு டிரெய்லரின் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்புறம் மட்டுமே இருக்கும் என்பதைப் பலர் யோசிப்பதேயில்லை.

நம் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 12.8 வோல்ட், 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரியில் அடங்குவது 1,280 வாட் அவர். ஒரு டன் ஏ.சி.யை ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும், அவ்வளவுதான். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் பஃப் ஷீட், மேலே காற்றை வெளியேற்றும் விசிறி ஆகியவற்றுக்குச் செலவிடுவதே மேல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு முழுதும் கதவை அடைத்துத் தூங்கினால், விடியும்போது உள்தகடு வியர்த்து, பலகைக்குப் பின்னால் நீர் இறங்கி, ரிவெட் தலைகளைச் சுற்றித் துரு பிடிப்பதைப் பழுதுக்கு வரும் வண்டிகளில் பார்க்கிறோம்.

வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் நமக்கு அருகே ஒரகடத்திலேயே இருக்கிறது. எஞ்சினோடு ஓடும் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கான ஒப்புதல் நடைமுறையைத் தன் ஒரே ஒரு டிரெய்லருக்காகத் தனிமனிதர் தாங்க முடியாது என்பதால், எடை, கொக்கி, பிரேக், விளக்கு, எரிவாயு, காற்றோட்டம், அவசர வழி ஆகியவற்றை மட்டும் ஒரே நாளில் பரிசோதித்துச் சான்று தரும் எளிய முறையை மாநிலப் போக்குவரத்துத் துறை, மத்திய அரசோடு பேசி, ஒரகடத்தில் ஏற்படுத்த வேண்டும். அந்தச் சான்றைக் கொண்டு எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் ஆர்.சி.யில் கேம்பர் டிரெய்லர் என்று மாற்றிக்கொள்ள வழிசெய்ய வேண்டும். அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த மக்கள் தயங்க மாட்டார்கள். அதுவரை, இத்தகைய மாற்றங்களில் எவை அனுமதிக்கப்பட்டவை, எவை கூடாதவை என்பதைத் தமிழில் ஓர் அறிவிப்பாகவாவது போக்குவரத்து ஆணையர் அலுவலகம் வெளியிடும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாடி கட்டும் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை.